கூழைக்கடா அண்ணன்களுக்கு மூன்று சட்டை

அவளுக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருந்தது. ஆனால் சட்டைக் கம்பெனியில் காலர் பிரிவில் சேர்ந்த இரண்டாம் நாளே எல்லோரும் அவளை ரேடியோ என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். பதினேழு வயது. காலை எட்டு மணிக்கு மிஷின் முன்னால் உட்கார்ந்தால் மாலை ஐந்து வரை கை ஒரு பக்கம் ஓடும், வாய் ஒரு பக்கம் ஓடும். இரண்டில் எது வேகம் என்று சூப்பர்வைசருக்கே சந்தேகம். திட்டவும் முடியாது. அவள் தைத்த காலர் ஒன்றுகூட இதுவரை திரும்பி வந்ததில்லை.

வீட்டில் அம்மா, மூன்று அண்ணன்கள். அம்மாவுக்கு ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் இஸ்திரி போடும் வேலை. அண்ணன்கள் மூவரும் மரம் வெட்டுபவர்கள். பெரியண்ணன் எந்த மரம் எந்தப் பக்கம் சாயும் என்று பார்த்துச் சொல்வான். நடுவண்ணன் ரம்பம் பிடிப்பான், ஓயாமல் கிண்டலும் அடிப்பான். சின்னண்ணன் உச்சிக்கு ஏறிக் கயிறு கட்டுவான். கட்டிய பிறகும் கீழே இறங்க மாட்டான். மேலேயே கிளையில் சாய்ந்து காற்று வாங்கிக்கொண்டிருப்பான். "இறங்குடா, உன்னையும் சேர்த்து அறுத்துருவோம்" என்று கீழிருந்து கத்த வேண்டும்.

ஊருக்கு நடுவே ஏரி. கரையில் வரிசையாகப் பெரிய மரங்கள். அவற்றில் முதல் மரத்தில் கூழைக்கடாக்கள் கூடு கட்டியிருந்தன. அங்கே ஒரு ஹோட்டல் வருகிறது, வண்டி நிறுத்த இடம் வேண்டும், வரிசை மொத்தமும் போக வேண்டும் என்று காண்ட்ராக்டர் சொல்லியிருந்தார்.

படகுத்துறையில் டிக்கெட் கொடுக்கும் பெண்மணி மூன்று நாள் தொடர்ந்து வந்து அண்ணன்களிடம் பேசினாள். அவளை எல்லோரும் ஏரிக்காரி என்பார்கள். எத்தனை வருடமாக அந்த டிக்கெட் கூண்டுக்குள் உட்கார்ந்திருக்கிறாள் என்று யாருக்கும் தெரியாது. "குஞ்சுங்க இன்னும் நாப்பது நாள்ல பறந்துரும். அது வரைக்கும் பொறுங்க" என்றாள். பெரியண்ணன், காண்ட்ராக்டர் சொன்னால்தான் நிறுத்த முடியும் என்றான். நடுவண்ணன் சிரித்தான். "றெக்கை இருக்குல்லக்கா? வேற மரம் பாத்துக்கும்." சின்னண்ணன் கயிற்றை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு மேலே ஏறி, கட்டிவிட்டு இறங்கினான்.

அன்று கம்பெனிக்கு வார விடுமுறை. அண்ணன்களுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு ரேடியோ போய்ச் சேர்ந்த நேரம், மரம் சாய்ந்தது. பதினோரு கூடுகள். தண்ணீரில் விழுந்தவை சில, தரையில் விழுந்தவை சில. தாய்ப் பறவைகள் மேலே சுற்றிச் சுற்றி வந்தன. சாப்பாட்டுப் பையைப் பிடித்தபடி அவள் நின்றாள். வாழ்க்கையில் முதல்முறையாக அவளுக்கு என்ன பேசுவது என்று தெரியவில்லை.

ஏரிக்காரி டிக்கெட் கூண்டைப் பூட்டிவிட்டு நடந்து வந்தாள். அவள் கத்தவில்லை. நடுவண்ணனைப் பார்த்து, "றெக்கை இருந்தா எவ்வளவு சுலபம்னு நீங்களே பாருங்க" என்றாள்.

அவ்வளவுதான். ரம்பம் தரையில் விழுந்தது. மூன்று ஜோடிச் செருப்பு, மூன்று சட்டை, மூன்று கால்சட்டை தரையில் கிடந்தன. அவற்றுக்குள்ளிருந்து மூன்று கூழைக்கடாக்கள் தடுமாறி எழுந்தன. ஒன்று அலகை நிமிர்த்தி அதட்டலாகப் பார்த்தது. ஒன்று தன் தாடைப் பையைத் தானே பார்த்து மிரண்டது. மூன்றாவது சிறகை விரித்துப் பார்த்தது, இரண்டு எட்டு ஓடியது, எழும்பியே விட்டது.

ரேடியோ ஏரிக்காரியின் முன்னால் போய் நின்றாள்.

"அக்கா, அவங்க செஞ்சது தப்பு. இல்லன்னு நான் சொல்லல. ஆனா அவங்க எங்கண்ணனுங்க. திரும்பி வர்றதுக்கு ஒரு வழி இருக்கும். இல்லாம நீங்க செஞ்சிருக்க மாட்டீங்க. சொல்லுங்க, செய்யறேன்."

ஏரிக்காரி அவளை மேலும் கீழும் பார்த்தாள். "கரையில கோரை வளந்திருக்கு. அத அறுத்து, நூலாத் திரிச்சு, துணியா நெய்ஞ்சு, மூணு சட்டை தைக்கணும். எல்லாம் உன் கையால மட்டும். மூணும் முடியற வரைக்கும் ஒரு வார்த்தை பேசக் கூடாது. பேசினா அவங்க இப்படியேதான்."

"பேசக் கூடாதுன்னு எதுக்கு?"

"மூணு நாள் பேசினேன். யாரும் கேக்கல. பேச்சே இல்லாம ஒருத்தர கேக்க வைக்க முடியுமான்னு நீ பாரு."

ரேடியோ யோசித்தாள். "தும்மினா?"

"தும்மலாம்."

"சிரிச்சா?"

"சிரிக்கலாம்."

"எழுதிக் காட்டினா?"

"அதுவும் பேச்சுதான். கூடாது."

"யாராவது கேட்டா ஆமா, இல்லன்னு தலையாவது ஆட்டலாமா? அதுகூட இல்லன்னா எங்கம்மா என்னப் பைத்தியக்கார ஆஸ்பத்திரில சேத்துருவாங்கக்கா."

ஏரிக்காரியின் உதட்டோரம் லேசாக அசைந்தது. "தலையாட்டிக்கோ."

"சரி. இப்பலேர்ந்தா?"

"இப்பலேர்ந்து."

ரேடியோ வாயை மூடினாள்.

வேலை முடிந்து வந்த அம்மா, மகன்களும் இல்லை, மகளுக்குப் பேச்சும் இல்லை என்பதைக் கண்டு முதலில் கோபப்பட்டாள், பிறகு பயந்தாள். பயந்தவள் கட்டிலில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பித்தாள். "சண்டை போட்டுட்டுப் போயிட்டானுங்களா?" இல்லை. "போலீஸ் பிடிச்சுட்டுப் போயிடுச்சா?" இல்லை. "உயிரோட இருக்கானுங்களா?" ரேடியோ கழுத்து வலிக்கும் அளவுக்குத் தலையாட்டினாள். அம்மா முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டாள். "அப்ப சரி. மத்தத நாளைக்குப் பாத்துக்கலாம். எனக்குக் காட்டுவியா?" ஆமாம்.

மறுநாள் காலை இருவரும் ஏரிக்கரைக்குப் போனார்கள். படித்துறையில் இரண்டு கூழைக்கடாக்கள் உட்கார்ந்திருந்தன. அம்மாவைக் கண்டதும் எழுந்து, வயசுப்படி வரிசையாக நின்று, தலையைக் குனிந்துகொண்டன. மூன்றாவது மேலிருந்து சறுக்கி இறங்கி, கடைசி இடத்தில் வந்து நின்றது. அம்மா நெஞ்சில் கை வைத்தாள். வாழ்நாள் முழுக்க இந்த வரிசையைத்தான் அவள் திட்டி வளர்த்திருந்தாள்.

அம்மா நூல் திரிக்கக் கூடாது. அது ரேடியோ ஒருத்தியின் வேலை. ஆனால் தினமும் கம்பெனியிலிருந்து வந்த மகளின் விரல்களுக்குக் களிம்பு போட்டுத் துணி சுற்றிவிடுவது அவள் வேலையாயிற்று. கோரையின் விளிம்பு பிளேடு மாதிரி. அறுக்கும்போது உள்ளங்கை கிழிந்தது. ஊறவைத்து, தட்டி, நாராக உரித்து, திரிக்கும்போது விரல்நுனி கிழிந்தது. ஒரு மரச் சட்டத்தில் ஆணி அடித்துத் தறி மாதிரி செய்துகொண்டாள். ஒரு முழத் துணிக்கு ஐந்து நாள். அளவு எடுக்க வேண்டிய அவசியமே இல்லை. மூன்று பேருடைய தோளும் கழுத்தும் அவளுக்கு மனப்பாடம். உயரத்தை மட்டும் முழங்கால் வரை நீட்டினாள். அண்ணன்கள் திரும்பி வரும்போது உடம்பில் வேறு துணி இருக்காது. பட்டப்பகலில் படித்துறையில் குடும்ப மானம் போகக் கூடாது.

கஷ்டம் கையில் இல்லை, வாயில்தான். முதல் வாரம் வார்த்தைகள் தொண்டை வரைக்கும் வந்து வந்து நின்றன. பஸ்ஸில் கண்டக்டர் தப்பான நிறுத்தத்தின் பெயரைச் சொன்னால் திருத்த முடியவில்லை. கம்பெனியில் பக்கத்து மிஷின் அக்கா தன் மாமியாரைப் பற்றிச் சொன்னால் பதிலுக்கு ஒரு 'அப்புறம்?' கூடப் போட முடியவில்லை. ஆனால் இரண்டாவது வாரம் அக்கா அவள் முகத்தைப் பார்த்தே நிறுத்தி, "என்ன, நான் செஞ்சது தப்புங்கறியா?" என்று கேட்டாள். ரேடியோ ஆமாம் என்று தலையாட்டினாள். அக்கா ஐந்து நிமிடம் தைக்காமல் உட்கார்ந்திருந்தாள். "நீ பேசினப்பகூட எனக்கு இவ்வளவு உறைச்சதில்லடி" என்றாள். ரேடியோவுக்கு உள்ளுக்குள் ஒரு துள்ளல் துள்ளியது. இது முடியும். தன்னால் முடியும்.

முப்பத்தெட்டாவது நாள் அது நடந்தது. அக்கா கீழே விழுந்த நூல்கண்டை எடுக்கக் குனிந்தபோது அவளுடைய துப்பட்டா மிஷின் பெல்ட்டில் மாட்டிக்கொண்டது. பெல்ட் அவள் கழுத்தை இழுத்தது. ரேடியோ பார்த்தாள். 'அக்கா' என்ற சொல் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. பல்லைக் கடித்தாள். ஒரே பாய்ச்சலாகச் சுவருக்குப் போய் மெயின் சுவிட்சை இறக்கினாள். கூடம் முழுக்க நாற்பது மிஷினும் அடங்கின.

"யாரு நிறுத்தினது?" என்று சூப்பர்வைசர் ஓடிவந்தார். ரேடியோவின் கை இன்னும் சுவிட்சில் இருந்தது. "ஒரு மாசமா ஊமை வேஷம், இப்ப இதுவா? ஒரு குரல் கொடுத்தா போதாது? பதில் சொல்லு, இல்லன்னா வீட்டுக்குப் போ!"

அக்கா இருமிக்கொண்டே எழுந்தாள். கழுத்தில் சிவப்பாக ஒரு கோடு. "சார், குரல் கொடுத்திருந்தா நான் திரும்பிப் பாத்திருப்பேன். அதுக்குள்ள கழுத்து போயிருக்கும். அவ பேசல, செஞ்சா. அவள அனுப்பறதுன்னா என்னையும் சேத்து அனுப்புங்க."

சூப்பர்வைசர் இரண்டு பேரையும் பார்த்தார். பிறகு சுவிட்சைத் தானே மேலே தள்ளிவிட்டுப் போனார். மறுநாள் எல்லா பெல்ட்டுக்கும் மூடி போட்டார்கள்.

முதல் சட்டை முப்பதாவது நாளே முடிந்திருந்தது. கை பழகிவிட்டதால் இரண்டாவது ஐம்பத்திரண்டில் முடிந்தது. இரண்டுக்கும் முன்பக்கம் திறப்பு இல்லை. தலைவழியாகப் போட வேண்டியவை. பெரியண்ணனும் நடுவண்ணனும் படித்துறையை விட்டு நகர்வதே இல்லை. மீனவர்கள் எறியும் மீனுக்காக மற்ற பறவைகளோடு தள்ளுமுள்ளு, மழையில் நனைந்து நடுக்கம். தங்கைக்காரியைப் பார்த்தால் அலகால் அவள் பையைக் கிளறி, சட்டை எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று பார்ப்பார்கள்.

சின்னண்ணன் அப்படி இல்லை. அவன் எப்போதும் மேலே. ஏரியின் மேல் வெயில் ஏற ஏற வட்டம் போட்டு, புள்ளியாகும் வரை உயர்ந்து போவான். மூன்றாவது சட்டையின் கைத்துணியை ஒருநாள் அவனிடம் விரித்துக் காட்டினாள். அவன் அதை அலகால் கவ்வி எடுத்துத் தண்ணீரில் போட்டான். நீந்திப் போய் அவனே எடுத்து வந்து அவள் காலடியில் வைத்தான். பிறகு மறுபடியும் எடுத்துப் போட்டான்.

ரேடியோவுக்குக் கோபம் வந்தது. கிழிந்த விரல்களை அவன் முன்னால் நீட்டிக் காட்டினாள். பக்கத்தில் நின்ற அம்மாதான் அவள் தோளைத் தொட்டாள். "இரு. உன்னால கேக்க முடியாது. நான் கேக்கறேன்."

அம்மா படியில் குந்தினாள். "டேய், வீட்டுக்கு வரணுமா உனக்கு?"

கூழைக்கடா தலையாட்டியது. ஆமாம்.

"அப்ப எதுக்குடா அழிச்சாட்டியம் பண்ற? பறக்கறத விடணுமேன்னா?"

நீளமான அந்தக் கழுத்து மெதுவாக வளைந்தது. ஆமாம்.

அம்மா அந்தக் கழுத்தைத் தடவினாள். "ரெண்டும் வேணுங்கறான்" என்றாள். குரல் உடைந்திருந்தது. "சின்ன வயசுலேர்ந்து இதே பழக்கம். எத விடுன்னு சொல்லுவேன் நான்?"

ரேடியோ ஈரமான கைத்துணியைப் பிழிந்தாள். வீடு போய்ச் சேரும் வரை யோசித்தாள். மூன்றாவது சட்டையின் முன்பக்கத்தை அவள் அன்று நடுவில் இரண்டாகப் பிளந்தாள். விளிம்பை மடித்தாள். கோரை நூலையே இறுக்கி இறுக்கி முடிந்து, பட்டாணி அளவுக்கு முடிச்சுப் பொத்தான்கள் செய்யத் தொடங்கினாள். மொத்தம் ஏழு.

எழுபதாவது நாள், நான்கு பொத்தான் தைத்தாகிவிட்டது, மூன்று பாக்கி. காலை பத்து மணிக்கு இன்ஸ்பெக்டர் கம்பெனிக்கே வந்துவிட்டார். மூன்று ஆட்களைக் காணோம், தங்கைக்காரி தினமும் ஏரியில் என்னவோ அறுக்கிறாள், கையெல்லாம் ரத்தம், கேட்டால் பேச மாட்டேன் என்கிறாள் என்று காண்ட்ராக்டர் புகார் கொடுத்திருந்தார். அக்கா ஓடிப் போய் ஆஸ்பத்திரியிலிருந்து அம்மாவை ஸ்டேஷனுக்குக் கூட்டிவந்தாள்.

ஸ்டேஷனில் ரேடியோ பெஞ்சில் உட்கார்ந்து, மூன்று சட்டையும் கொண்டுவந்த பையைப் பக்கத்தில் வைத்து, மடியில் கடைசிச் சட்டையை விரித்து, ஐந்தாவது பொத்தானைத் தைக்க ஆரம்பித்தாள். இன்ஸ்பெக்டருக்கு இப்படி ஒரு ஆளை விசாரித்துப் பழக்கமில்லை.

"ஏம்மா, நான் உன்கிட்டதான் கேக்கறேன். அண்ணனுங்க எங்க? ஒரு வார்த்தை சொன்னா வீட்டுக்குப் போகலாம். சொல்லலன்னா உள்ள வைக்க வேண்டியதுதான்."

ஒரு வார்த்தை. எழுபது நாளாக நெஞ்சில் அடுக்கி வைத்திருந்ததில் ஒரே ஒரு வார்த்தை. அவள் நிமிர்ந்து அவர் கண்ணை நேராகப் பார்த்தாள். ஊசியை மறுபடி துணிக்குள் விட்டாள்.

"சார்," என்றாள் அம்மா, "அவளுக்கு வாய் இல்லன்னு நினைக்காதீங்க. அவ வாய் இந்த ஊருக்கே தெரியும். பேசாம இருக்கான்னா காரணம் இருக்கு. ஆமா இல்லன்னு சொல்ற மாதிரி கேளுங்க, பதில் வரும்."

இன்ஸ்பெக்டர் பெருமூச்சு விட்டார். "உயிரோட இருக்காங்களா?" ஆமாம். "நீ அவங்களுக்கு ஏதாவது பண்ணினியா?" இல்லை. பிறகு, ஆமாம். இன்ஸ்பெக்டர் முன்னால் சாய்ந்தார். அவள் சட்டையைத் தூக்கிக் காட்டினாள். "இதுவா? அவங்களுக்கா தைக்கற?" ஆமாம். "இதே ஊர்லதான் இருக்காங்களா?" ஆமாம். "எங்களுக்குக் காட்டுவியா?" ரேடியோ அதற்குள் பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

ஏழாவது பொத்தானை ஜீப்பில்தான் தைத்தாள். பள்ளத்தில் வண்டி குதித்தபோது ஊசி நகக்கண்ணில் இறங்கியது. உதட்டைக் கடித்துக்கொண்டாள். ஏரிக்கரையில் இறங்கியபோது நூல்முனை மட்டும் மிச்சம். ஏரிக்காரி கூண்டிலிருந்து வெளியே வந்து நின்றாள். இரண்டு கூழைக்கடாக்கள் படித்துறையில் எழுந்தன. மூன்றாவது வானத்திலிருந்து இறங்கியது.

ரேடியோ நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். தொண்டையைச் செருமினாள்.

"மூணும் முடிஞ்சது" என்றாள். குரல் துருப்பிடித்த கதவு மாதிரி வந்தது.

அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். ரேடியோ முதல் சட்டையைப் பெரியண்ணனின் தலைவழியாகப் போட்டாள், இரண்டாவதை நடுவண்ணனுக்கு. அலகு மறைந்தது, கழுத்து சுருங்கியது. இரண்டு ஆண்கள், தாடி வளர்ந்து, முழங்கால் வரைக்கும் கோரைச் சட்டையில், படித்துறையில் உட்கார்ந்து இருமினார்கள். இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றி, உள்ளே எதையோ தேடுவதுபோல் பார்த்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டார்.

மூன்றாவது சட்டையை அவள் கையில் எடுத்தபோது ஏரிக்காரி குறுக்கே வந்தாள்.

"இது ஏன் முன்னாடி பிளந்திருக்கு?"

"பொத்தான் வச்சிருக்கேன்."

"பொத்தானக் கழட்டினா என்ன ஆகும்னு தெரியுமா?"

"திரும்பவும் பறவை. மூடின சட்டையில மாறினது நிலைக்கும், திறக்கற சட்டையில மாறினது திறந்தா போயிரும்னு தோணுச்சு. அதுக்குத்தான் வச்சேன்."

"நான் இதக் கேக்கல."

"நீங்க சட்டைன்னுதான் கேட்டீங்க. கழுத்து, கை, உடம்பு மூணும் இருந்தா அது சட்டை. பொத்தான் வைக்கறதும் வைக்காததும் தைக்கறவ இஷ்டம். சட்டையப் பத்தி எனக்கு நீங்க சொல்லித் தர வேணாங்கக்கா, அது என் தொழில்." ரேடியோ மூச்சு வாங்கினாள். எழுபது நாள் கழித்துப் பேசுவது மேட்டில் ஏறுவது மாதிரி இருந்தது. "எங்கம்மா அவன்கிட்ட கேட்டாங்க. பறவையா இருக்கறவன்கிட்ட, உனக்கு என்ன வேணும்னு கேட்டாங்க. அவன் சொன்னான். அதத்தான் தச்சிருக்கேன். அந்தக் குஞ்சுங்களுக்கு என்னால பதில் சொல்ல முடியாது. நான் தைக்கறவ, எனக்குத் தெரிஞ்சது இதான்."

ஏரிக்காரி நெடுநேரம் அந்த முடிச்சுப் பொத்தான்களைப் பார்த்தாள். ஒன்றை விரலால் இழுத்துப் பார்த்தாள். அது அசையவில்லை.

"நல்லா தச்சிருக்க" என்று விலகி நின்றாள்.

சின்னண்ணன் சிறகுகளை ஒவ்வொன்றாகக் கைகளுக்குள் நுழைத்தான். ரேடியோ கீழிருந்து மேலாகப் பொத்தான் போட்டாள். ஏழாவது மாட்டியதும் அவன் எதிரே நின்றான். மெலிந்து, வெயிலில் கறுத்து, சிரித்துக்கொண்டு.

"அம்மா, பசிக்குது. மீன் மட்டும் வேணாம்" என்றான்.

பெரியண்ணன் எழுந்து ஏரிக்காரியின் முன்னால் போய் நின்றான். "மழையில மரம் இல்லாம நனைஞ்சோம்க்கா. அன்னிக்கு நாங்க உங்க பேச்சக் கேட்டிருக்கணும்" என்றான். நடுவண்ணன் முதல்முறையாகக் கிண்டல் எதுவும் சொல்லாமல் பக்கத்தில் நின்றான். ஏரிக்காரி மன்னித்தாளா என்று தெரியாது. "மிச்ச மரத்துலயும் இப்ப கூடு இருக்கு" என்றாள். "தெரியும். எண்ணி வச்சிருக்கோம்" என்றான் நடுவண்ணன். அன்று மாலையே மூவரும் காண்ட்ராக்டரிடம் போய் வேலை வேண்டாம் என்றார்கள். வேறு ஆளை வைக்கப் பார்த்தவரை இன்ஸ்பெக்டர் கூப்பிட்டு, அந்த மரங்களை வெட்ட அனுமதி வாங்கிய காகிதத்தைக் கொண்டுவரச் சொன்னார். காகிதம் வரவே இல்லை. ஹோட்டல் வேறு பக்கம் வாசல் வைத்துக்கொண்டது.

சின்னண்ணன் பதினெட்டு நாள் வீட்டில் இருந்தான். பத்தொன்பதாம் நாள் காலையில் மொட்டைமாடிக்குப் போனான். ரேடியோ பின்னாலேயே போனாள். அவன் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினான். கடைசிப் பொத்தானில் கை நின்றது.

"திரும்பி வரும்போது போட்டு விட யாராவது இருக்கணுமே" என்றான்.

"நான் எங்க போகப் போறேன்? ஷிப்ட் முடிஞ்சு அஞ்சரைக்கு வந்துருவேன். அதுக்கு முன்னாடி வந்தா மாடியிலயே உக்காரு, பக்கத்து வீட்டுத் தொட்டில மீன் பிடிக்காத, அவங்க ஏற்கனவே ஒரு மாதிரி பாக்கறாங்க. அம்மாவுக்கு ஒரு தடவை ஆஸ்பத்திரி மேலயும் சுத்திட்டுப் போ, கூடத்து ஜன்னல் கிழக்குப் பக்கம்..."

அவன் சிரித்துக்கொண்டே கடைசிப் பொத்தானைக் கழற்றினான். சட்டை அவள் கையில் விழுந்தது. பெரிய வெள்ளைச் சிறகுகள் இரண்டு முறை காற்றை அடித்தன. பிறகு அடிக்க வேண்டியிருக்கவில்லை.

அவன் கிழக்கே திரும்பும் வரை பார்த்துக்கொண்டிருந்தாள். சட்டையை நான்காக மடித்தாள். கீழே அம்மா டிபன் பாக்ஸ் மூடும் சத்தம் கேட்டது. மணி ஏழரை. பஸ்ஸைப் பிடிக்க அவள் படிகளில் இரண்டிரண்டாக இறங்கி ஓடினாள்.